முற்றத்துப் புலி: கண்ணப்ப நாயனார் புராணத்தில் குருளையும் பார்வையும் உகிரும்

ஆய்வுச் சுருக்கம்

பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணம் வேட்டுவர் வாழ்வையும் அவர்தம் காட்டையும் விரித்துரைக்கும் பகுதியாகும். மனிதரும் கானுயிரும் இயைந்து வாழ்ந்தமைக்கும் பழந்தமிழரின் விலங்குப் பாதுகாப்பு அறத்துக்கும் அது சான்றாகச் சூழலியல் நோக்கிலான கட்டுரைகளில் எடுத்தாளப்படுகிறது. அப்புராணத்தில் புலியும் அதன் குருளையும் இடம்பெறும் பாடல்களை ஒருங்கே வைத்து வாசித்தால் அவ்வியைபு நிலைக்குமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சேக்கிழார் காட்டும் புலிகள் தாயை இழந்தவை, கட்டுண்டவை, அல்லது இறந்தவை. காட்டில் தன்போக்கில் திரியும் தாய்ப்புலி அம்முற்றத்தில் இல்லை. அந்த இல்லாமையைக் கருதாத வாசிப்பு பாடலின் கவிநயத்தையும் தவறவிடுகிறது, இன்றைய புலிப் பாதுகாப்பின் அடிப்படையையும் தவறவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சேக்கிழார், கண்ணப்பர், பார்வை விலங்கு, குருளை, குன்றத்தூர், புலிப் பாதுகாப்பு, சூழலியல் திறனாய்வு.

முன்னுரை

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், தொண்டைநாட்டின் 24 கோட்டங்களுள் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. அவர் அமைச்சராக இருந்த அநபாயச் சோழனின் கொடி புலிக்கொடி. அநபாயன் என்பான் இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) என்பது ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. நூல் அரங்கேறிய தில்லையின் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்பது அதன் தொன்மம். இத்துணைப் புலிப் பெயர்களுக்கு நடுவே வாழ்ந்த புலவரின் நூலில் உயிருள்ள புலி எங்கே நிற்கிறது? கண்ணப்பர் புராணத்தில் அது வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

ஊர்ப்பெயர் விலங்கியல் சான்று ஆகாது என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. புலியூர் என்னும் பெயர் தலபுராணத்தால் வந்திருக்கலாம், குடிப்பெயரால் வந்திருக்கலாம். அக்கோட்டத்தில் ஒருகாலத்தில் புலி மிகுந்திருந்தது என்று பெயரைக் கொண்டு மட்டும் நிறுவ முயல்வது ஆய்வாகாது. வினா வேறு. குன்றத்தூரிலிருந்து நெடுந்தொலைவில், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைக்குச் சமவெளி அமைச்சர் ஒருவர் எத்தகைய புலியைப் படைத்தார் என்பதே அது.

கல்விப்புலக் கட்டுரைகள் இப்புராணத்திலிருந்து வழக்கமாக இரண்டு பாடல்களை எடுத்துக்காட்டும். ஒன்று, உடுப்பூரில் வேட்டுவச் சிறுவர் புலிக்குருளையோடும் யானைக்கன்றோடும் கூடி விளையாடுவதைக் கூறுவது. மற்றொன்று, வேட்டையின்போது வேடர்கள் யானைக்கன்றைத் தொடராமலும், சிறு குருளைகளைக் கொல்லாமலும், கருவுற்ற பிணைகளை வருத்தாமலும் விடுவதைக் கூறுவது. முன்னது இயைபு எனவும் பின்னது அறம் எனவும் பெயர்பெறும். இரண்டுக்கும் இடையில் புலி இடம்பெறும் பிற பாடல்கள் அக்கட்டுரைகளில் பெரும்பாலும் தொடப்படுவதில்லை.

விளவும் முற்றமும்

குருளையோடு ஆடும் சிறுவரைக் காட்டும் இடத்திலேயே சேக்கிழார் வேட்டுவர் குடியிருப்பையும் வரைகிறார். விளாமரத்தில் நாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அதன் கிளைகளில் வலைகள் தொங்குகின்றன. பாறை முற்றத்தில் ஐவன நெல் உலர்கிறது. பன்றி, புலி, கரடி, கடமை, மான் ஆகிய பார்வை விலங்குகள் அங்கே நிற்கின்றன. பார்வை என்பது இங்கே கண்பார்வை அன்று. தன்னினத்தை ஈர்த்துப் பிடிக்கும்பொருட்டு வேட்டுவர் பழக்கிவைக்கும் விலங்கு என்பது உரைமரபு தரும் பொருள்.

இக்காட்சிக்கு முன்னோடி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடிசையைக் காட்டுகையில், பார்வை மான் கட்டப்பட்டுக் கட்டப்பட்டுத் தேய்ந்த அடியை உடைய விளாமரத்தையும் அதன் நிழல்படும் முற்றத்தையும் காட்டுகிறார். அந்நூலின் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவனது நகர் காஞ்சி. தொண்டைநாட்டுப் புலவரான சேக்கிழார் அந்நாட்டுத் தலைவனைப் பாடிய பழம்பாட்டை நன்கு பயின்றிருப்பார் எனக் கருதுவதில் தடையில்லை. அதே விளவு, அதே முற்றம், அதே பார்வை என்னும் சொல் மீண்டும் வருகின்றன. மாற்றம் இரண்டு. மரத்தில் இப்போது மான் இல்லை, நாய் இருக்கிறது. பார்வை விலங்கு மானோடு நிற்கவில்லை; கரடியும் புலியும் வந்து சேர்ந்துள்ளன.

இரண்டாம் மாற்றம் ஆராயத்தக்கது. மான் கூட்டமாக வாழ்வது. கட்டப்பட்ட மானை நாடிப் பிற மான்கள் வருவது இயல்பு. எனவே பெரும்பாணாற்றுப்படை காட்டுவது நடைமுறையிலுள்ள வேட்டை நுட்பம். புலியோ தனித்து வாழும் விலங்கு. தனக்கெனப் பரப்பை வகுத்து, மரத்திலும் புதரிலும் மணக்குறியிட்டு, பிற புலிகளை ஒதுக்கி வைப்பது. இணைசேரும் காலம் நீங்கலாக ஒரு புலியை நாடி இன்னொரு புலி வருவதில்லை. இந்தியாவில் புலியை வேட்டையாடியோர் எருமைக்கன்றைக் கட்டிப் பரண்மீது காத்திருந்தனர். புலியைக் கட்டிப் புலியைப் பிடித்ததில்லை. ஆகவே சேக்கிழாரின் பார்வைப் புலி கண்டு எழுதியது என்பதைவிட, பழம்பாட்டின் மானைப் பெருக்கி எழுதியது என்பதே பொருந்தும். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இப்பாடலை வேட்டுவர் வாழ்வின் ஆவணமாகக் கொண்டு அதன்மேல் ஒரு சூழலியல் வரலாற்றை எழுப்புவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேக்கிழார்க்கு முற்றத்தில் மான் போதாமல் புலி ஏன் வேண்டியிருந்தது? அதற்கு விடை சில பாடல்கள் கடந்து வருகிறது.

பேழ்வாயில் நீண்ட கை

திண்ணன் தளர்நடை நீங்கும் பருவத்துக் குழந்தை. அவன் தலையில் புலிநகத்தால் ஆன சுட்டியைச் சாத்துகின்றனர். மார்பில் முள்ளம்பன்றி முள்ளும் பல்லும் கோத்த தாலி தொங்குகிறது. அக்குழந்தை முற்றத்துப் பார்வைப் புலியின் அகன்ற வாயை மலைக்குகை என்று எண்ணித் தன் கையை நீட்டுகிறான். அதனைக் கண்ட தந்தை நாகன் பசுந்தழையை ஓங்குகிறான். குழந்தையின் கண்ணில் நீர் பெருகுகிறது. தாய் வாய்முத்தம் தந்து அத்துளியை மாற்றுகிறாள். பதினோராம் திருமுறையிலுள்ள திருக்கண்ணப்பதேவர் திருமறங்கள் இரண்டும் கண்ணப்பரின் பிள்ளைப் பருவத்தை விரித்துப் பேசுவதில்லை. இக்குழந்தையும் இப்புலியும் சேக்கிழார் படைப்பு.

இப்பாடல் முழுவதும் சொல்விளையாட்டால் ஆனது. முத்தாகிய கண்ணீர்த் துளியும் தாயின் முத்தமும் ஒரே சொல்லில் ஒன்றையொன்று மாற்றிக்கொள்கின்றன. அழும் அக்கண்களைப் பிற்காலத்தில் இருசுடர்க்கு உற்ற துன்பத்தைத் தீர்க்கப்போகும் கண்கள் எனப் புலவர் குறிக்கிறார். ஞாயிறும் திங்களும் இறைவனின் கண்கள். காளத்தியில் குருதி வடியும் கண்ணுக்குத் திண்ணன் தன் கண்ணை அப்பப்போகிறான். துன்பத்தைக் குறிக்க அவர் தேர்ந்த சொல் உறுகண். அதற்குள்ளும் ஒரு கண் இருக்கிறது. இத்தகைய பாடலில் பார்வை என்னும் சொல் வேட்டைக் கலைச்சொல்லாக மட்டும் நிற்கிறது என்று கொள்ள இயலாது. கண்ணை வழங்கப்போகும் குழந்தை முதன்முதலாகக் கை நீட்டுவது 'பார்வை'யை நோக்கியே. மான்பார்வையின் வாயில் கை நீட்டினால் தந்தை தழை ஓங்கமாட்டான், குழந்தையின் கண்ணில் நீர் வராது, கண்ணப்பர் கதையின் முன்னறிவிப்பும் நிகழாது. முற்றத்துப் பட்டியலில் புலி சேர்ந்தமைக்கு இதுவே காரணம் எனலாம். கதையமைப்பின் தேவை அந்தப் புலியைக் கட்டிவைத்தது.

இயைபு வாசிப்பை இப்பாடல் இன்னொரு வகையிலும் மறுக்கிறது. புலி பழகிவிட்டது என்றால் நாகன் ஏன் அஞ்சுகிறான்? வேட்டுவர் தலைவனான அவன், பழக்கப்பட்ட புலியும் புலியே என்பதை அறிந்தவன். அவன் தழை ஓங்குவது புலியை நோக்கியன்று, மகனை நோக்கி. ஒரே புராணத்தில், சில பாடல்கள் இடைவெளியில், சிறுவர் குருளையோடு ஆடுகின்றனர்; வளர்ந்த புலியிடம் கை நீட்டிய குழந்தை தடுக்கப்படுகிறான். குருளைக்கும் வளர்ந்த புலிக்கும் இடையிலான அந்த எல்லையைப் பாடல் அறிந்திருக்கிறது.

அக்குழந்தையின் தலையிலுள்ள சுட்டியையும் மறந்துவிடலாகாது. அது இறந்த புலியின் நகம். காப்பணியாகக் குழந்தைக்குப் புலிநகம் சூட்டுவது நெடுங்கால வழக்கு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வைத்திருப்பதே குற்றம். 2023 அக்டோபரில் கர்நாடகத்தில் புலிநகப் பதக்கம் அணிந்து தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய ஒருவர் கைது செய்யப்பட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாடலை இருபதாம் நூற்றாண்டுச் சட்டத்தால் அளப்பது நோக்கமன்று. நகம் இருக்கும் இடத்தில் ஓர் உயிரின் முடிவு இருக்கிறது என்னும் எளிய செய்தியைப் பாடல் மறைக்கவில்லை. வாசகரே அதனைக் கடந்துசெல்கின்றனர்.

வேட்டை அறமும் அதன் பின்விளைவும்

இனி, அறம் எனப் போற்றப்படும் வேட்டைப் பாடலுக்கு வரலாம். குருளைகளைக் கொல்லாது விடுத்தல் என்பது கட்டுப்பாடு, அதில் ஐயமில்லை. கருவுற்றதையும் இளையதையும் விடுத்து எஞ்சியதைக் கொல்லும் முறை வேட்டையை நம்பி வாழும் மக்கள் பலரிடமும் காணப்படுவதே. அவர்கள் நாளையும் வேட்டைக்கு வரவேண்டியவர்கள். அப்பாடலில் வரும் குருளை புலியினுடையது மட்டும் எனக் கொள்வதற்கும் இல்லை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயராகக் குருளையைக் கூறி, நரியையும் அதனோடு சேர்க்கிறது. அப்பாடலின் குருளைகளுள் புலியினதும் அடங்கலாம் என்பதற்கு மேல் சொல்ல இயலாது.

அது அடங்குமாயின் ஒரு வினா எழுகிறது. எதிர்த்து வரும் கொடிய விலங்குகளைக் கொல்கின்றனர், குருளையை விடுகின்றனர். தாய்ப்புலி தன் குருளைகளைக் காக்க எதிர்த்து வருவதே. அது கொல்லப்பட்டபின் விடப்பட்ட குருளை என்ன ஆகும்? புலிக்குட்டி கண் திறவாமல் பிறக்கிறது. ஏறத்தாழ 6 மாதம் வரை பாலுண்கிறது. வேட்டையாடக் கற்றுத் தாயை விட்டுப் பிரிய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குமுன் தாயை இழந்தால் காட்டில் அதற்கு வாழ்வில்லை. இரண்டு வழிகளே எஞ்சுகின்றன: பட்டினிச் சாவு, அல்லது வேட்டுவர் முற்றம்.

நூலின் வரிசையை மாற்றி அப்பாடல்களை அடுக்கினால் ஒரு புலியின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறது. வேட்டையில் குருளை விடப்படுகிறது. முற்றத்துக்கு வந்து சிறுவரோடு ஆடுகிறது. வளர்ந்ததும் பார்வையாகக் கட்டப்படுகிறது. அதன் தாயின் நகம் எவனோ ஒரு குழந்தையின் சுட்டியாகிறது. சேக்கிழார் இப்படி எண்ணி எழுதினார் என்று நிறுவ இயலாது, நிறுவ வேண்டியதும் இல்லை. இயைபுக்கும் அறத்துக்கும் சான்றாகத் தனித்தனியே எடுத்துக்காட்டப்படும் பாடல்கள் ஒன்றுசேர்ந்தால் வேறொன்றைச் சொல்கின்றன என்பதே இங்கு வேண்டப்படுவது.

பெரும்பூனையை முற்றத்தில் பழக்கியதன் விலையை இந்திய வரலாறு ஓரிடத்தில் தெளிவாகக் காட்டுகிறது. மன்னர்கள் மான் வேட்டைக்குப் பழக்கியது சிவிங்கிப்புலியை. தாயிடம் வேட்டை கற்காத குட்டி பயன்படாது என்பதால் வளர்ந்தவற்றையே காட்டிலிருந்து பிடித்தனர். அடைப்பில் அவை ஈனுவதோ அரிது. ஜஹாங்கீர் காலத்தில் அவ்வாறு ஈன்றது வியப்புக்குரிய செய்தியாகப் பதிவாயிற்று. எனவே அரண்மனைக்கு வேண்டிய ஒவ்வொன்றும் காட்டிலிருந்தே குறைந்தது. வாழிடமான புல்வெளிகளும் அழிந்தன, எஞ்சியவை சுடப்பட்டன. 1952இல் அவ்விலங்கு இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அரண்மனைகளில் அதன்மீது அன்பு குறைந்திருந்ததாகச் சொல்ல முடியாது.

தாயுள்ள புலி

சங்கப் பாடல்களின் புலி இவ்வாறு இல்லை. அகநானூற்றில் சூலுற்ற பெண்புலியின் பசி தீர்க்க ஆண்புலி களிற்றைக் கொல்கிறது. ஆண்புலி பெண்புலிக்கு இரைதேடித் தருவது விலங்கியலில் காணத்தக்க நடத்தை அன்று. அது தலைவனின் இல்லறக் கடமையைக் குறிப்பாக உணர்த்த அமைந்தது. அவ்வளவு கற்பனைக்கிடையிலும் பெண்புலி, அதன் வயவுப்பசி, அது வாழும் மலைச்சாரல் ஆகியவை விடுபடவில்லை. காவற்பெண்டின் புறநானூற்றுப் பாடலில் (86) போர்க்களம் சென்ற மகனைப் பற்றிக் கேட்பவளுக்குத் தாய், புலி தங்கிச் சென்ற கற்குகையாகத் தன் வயிற்றைச் சுட்டுகிறாள். குகை இருக்கிறது, புலி வெளியே திரிகிறது. சேக்கிழாரிடம் அது தலைகீழாகிறது. புலி கட்டுண்டு நிற்கிறது; அதன் வாயே குழந்தைக்குக் குகையாகத் தெரிகிறது. அழுத குழந்தையைத் தேற்ற ஒரு தாய் ஓடிவருகிறாள், ஆனால் அவள் மனிதத் தாய்.

இன்றைய புலிப் பாதுகாப்பு, அம்முற்றத்தில் இல்லாத தாய்ப்புலியையே மையமாகக் கொண்டது. 1973இல் தொடங்கிய புலிகள் காப்புத் திட்டமும், 2006இல் சட்டத்தில் சேர்ந்த புலி வாழிட வரையறையும், ஈனும் பெண்புலிகள் இடையூறின்றி வாழப் போதிய உட்காடு வேண்டும் என்னும் கணக்கில் நிற்பவை. நாகரஹொளெக் காட்டில் உல்லாஸ் காரந்த் மேற்கொண்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படை தந்தன: ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பெரிய இரைவிலங்குகள் வேண்டும், அவற்றை இழந்தும் குன்றாதிருக்க அதன் பரப்பில் ஏறத்தாழ 500 இரைவிலங்குகள் வாழவேண்டும். தமிழ்நாட்டில் 2006இல் 76 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 ஆயின. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய ஐந்து காப்பகங்களில் மானும் காட்டெருதும் தாய்ப்புலியும் விட்டுவைக்கப்பட்டதன் பயன் அது. குருளைகளை எடுத்து வளர்த்ததால் வந்த பெருக்கம் அன்று.

தாயற்ற குட்டி கிடைத்தால் என்ன செய்வது என்பதற்குத் தேசியப் புலிகள் காப்பு ஆணையம் நெறிமுறை வகுத்துள்ளது. காட்டுக்குள் அமைந்த அடைப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வளர்க்க வேண்டும். மனிதத் தொடர்பைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். 50 இரைவிலங்குகளையேனும் அது தானே கொன்றிருக்க வேண்டும். பின்னரே காட்டில் விடலாம். 2021 செப்டம்பரில் வால்பாறையில் முள்ளம்பன்றி முட்களால் காயமுற்று நலிந்த நிலையில் ஆண்குட்டி ஒன்று மீட்கப்பட்டது. ஆனைமலைக் காப்பகத்தின் மானாம்பள்ளிப் பகுதியிலுள்ள மந்திரிமட்டத்தில் அதற்கென அடைப்பு அமைக்கப்பட்டு வேட்டைப் பயிற்சி தரப்பட்டது. திண்ணனின் தாலியில் கோக்கப்பட்ட அதே முள்தான் இக்குட்டியைத் தாக்கியது. தாயிடம் கற்றிருந்தால் முள்ளம்பன்றியை எப்படி அணுகுவது என்று அது அறிந்திருக்கக்கூடும். ஒரு தாய்ப்புலி செலவின்றிச் செய்யும் பணிக்கு அரசுத்துறை ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்நெறிமுறை, சேக்கிழாரின் சிறுவர்கள் செய்வதை, அதாவது குருளையோடு கூடி ஆடுவதை, முதலில் தடுக்கிறது. பழகாமை இங்கே அன்பின்மை அன்று. அக்குட்டி மீண்டும் புலியாவதற்கான வழி.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவையும் விலக்க வேண்டும். புலி குறைந்தமைக்கு உடுப்பூர் வேடர் போன்ற மக்களைப் பொறுப்பாக்க இப்புராணம் இடந்தரவில்லை. வில்லும் வலையும் கொண்டோர் வாழ்ந்த நூற்றாண்டுகளில் புலி அழியவில்லை. துப்பாக்கியும் பரிசுத்தொகையும் தோட்டப்பயிரும் வந்தபின்பே அழிவு விரைந்தது. கட்டுண்ட புலியை வேட்டுவர் முற்றத்தில் நிறுத்தியதும் வேட்டுவர் அல்லர். நாடாளும் அவையிலிருந்த புலவர்.

புலியூர்க் கோட்டத்தில்

குன்றத்தூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். அதன் மேற்கிலும் தெற்கிலும் திருப்பெரும்புதூரும் ஒரகடமும். மகிழுந்து, மின்னணுத் தொழிற்சாலைகளின் நீண்ட வரிசை. அப்பகுதியைத் தொழில் வழித்தடம் என்கின்றனர். கானுயிரியலாரும் வழித்தடம் என்னும் சொல்லை வைத்திருக்கின்றனர். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு விலங்கு கடந்துசெல்லும் இணைப்பு நிலம் அது. சேக்கிழார் எழுப்பிய திருநாகேச்சரம் அவ்வூரில் நிற்கிறது. அவர் பெயரால் விழா நடக்கிறது. கண்ணப்பர் கதையை அங்குள்ள பள்ளிச் சிறுவர் அறிவர்.

அச்சிறுவர் உயிருள்ள புலியைக் காண வேண்டுமாயின் சில மைல் தெற்கே வண்டலூர்க்குச் செல்ல வேண்டும். 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கி, 1985இல் வண்டலூரில் மக்களுக்குத் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்பில் அமைந்தது. புலிகள் அகழிக்கு அப்பால் உலவுகின்றன. வேலிக்கு இப்பால் நிற்பவர்களுக்குப் பார்வையாளர் என்று பெயர். தோளில் தூக்கிய குழந்தை கையை நீட்டினாலும் எட்டாத தொலைவை இடையில் விட்டே அவ்வகழியை வெட்டியிருக்கின்றனர்.